கோபித்த விருந்தினரும் மெய்நிகர் ஒத்திகையும்

கேள்வி: காரைக்குடியில் மாணவியருக்கு மென்திறன் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் பலர், கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களில் வரவேற்பு வேலைக்குப் போகிறவர்கள். செயற்கை நுண்ணறிவே விருந்தினராகப் பேச, மாணவி பதில் சொல்லிப் பழகும் மெய்நிகர் பயிற்சியை வாங்கலாமா? அதனால் பொறுமையும் பேச்சும் வளருமா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: வாங்கலாம். ஆனால் ஒத்திகை முடிந்தபின் நீங்கள் அந்த மாணவியோடு உட்கார்ந்து பேசினால்தான் அது பலன் தரும்.

நடித்துப் பழகும் முறை புதிதல்ல. ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1963-லேயே ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மருத்துவ மாணவர்களை அவரிடம் பேசவைத்தார். நகரத்தாரின் பர்மா, மலாயாக் கடைகளிலோ, பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவன் பெரியவர்கள் கடன் கேட்டு வருவோரிடம் பேசும் பாங்கைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தே, கடைத் தலைவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்தான். அவனுக்குக் கிட்டாத ஒரு வசதி உங்கள் மாணவிக்கு உண்டு: எத்தனை முறை தவறினாலும் வாடிக்கை கெடாது, நாலு பேர் முன்னால் கூசி நிற்கவும் வேண்டாம். கூச்சத்தாலேயே வாய் திறக்காத பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் கிளம்பி வந்த குடும்பத்துக்கு அறை தயாராகவில்லை, குழந்தை அழுகிறது, குடும்பத் தலைவர் குரலை உயர்த்துகிறார். மாணவி பதறிப்போய், “பத்து நிமிஷத்துல ரெடியாயிடும் சார்” என்று தனக்கே தெரியாத ஒன்றை வாக்காகக் கொடுத்துவிடுகிறாள். நன்றாக அமைத்த ஒத்திகையில் அந்த விருந்தினர் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து நின்று, “என்னம்மா, சொன்னியே?” என்று கேட்பார். அந்தக் கேள்வி மனத்தில் தைப்பதுபோல் வகுப்பில் நாம் சொல்லும் அறிவுரை தைப்பதில்லை. மறுமுறை அவள் குழந்தைக்குப் பால் வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு, விசாரித்து வந்து சரியான நேரத்தைச் சொல்வாள்.

இப்படி அமைய, விருந்தினர் யார், எதனால் கோபம், எந்தச் சொல்லுக்கு இறங்குவார், எதற்கு மேலும் சீறுவார் என்பவற்றை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், இக்கருவிகள் பணிவான முதல் வார்த்தைக்கே சமாதானமாகிவிடும் இயல்புடையவை. அந்த எளிய வெற்றி பிள்ளைகளை ஏமாற்றிவிடும்.

இக்கருவிகள் தரும் மதிப்பெண்ணில் எனக்கு நம்பிக்கை குறைவு. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று சில கருவிகள் புள்ளியைக் குறைக்கின்றன. பெரியவர் எதிரில் பார்வையைத் தாழ்த்துவது நம் பக்கத்தில் மரியாதை என்பது அவற்றுக்குத் தெரியாது. எனவே எண்ணை விட்டுவிட்டு, பதிவான பேச்சை மாணவியோடு சேர்ந்து கேளுங்கள்; எந்த இடத்தில் விருந்தினர் மனம் மாறியது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். பின்னர் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். அவளுடைய தடுமாற்றத்தை வேறொருவர் கேட்க வேண்டியதில்லை.

தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சி பார்க்கும் விலையுயர்ந்த தலைக்கருவி இப்போதைக்கு வேண்டாம், கைப்பேசியே போதும். பணம் கட்டுமுன், மாணவி ஒருத்தியை “அவுக இப்பத்தான் வந்தாக” என்று தன் பேச்சிலேயே பேசவிட்டு, கருவி அதை எப்படி எழுத்தாக்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.