முதியோர் உதவிக் குடியிருப்புகள்: அரசு எதைக் கண்காணிக்கிறது?

கேள்வி: முதியவர்கள் தங்கி, அன்றாட வேலைகளில் உதவி பெறும் உதவிக் குடியிருப்புகளுக்கு மருத்துவமனைகளைப் போல நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் உண்டா ஐயா?

பதில்: சில நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில் அரசின் காப்பீட்டுப் பணம் பெறும் செவிலியர் இல்லங்களை (எந்நேரமும் செவிலியர் கவனிப்புத் தரும் இல்லங்களை) 1987ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் விரிவான மத்திய விதிகளின் கீழ்க் கொண்டுவந்தது. ஆனால் உதவிக் குடியிருப்புகளுக்கு உரிமம் வழங்குவதும் ஆய்வு செய்வதும் மாநிலங்களின் பொறுப்பாகவே இருக்கின்றன. ஆகவே எவ்வளவு தளர்ந்தவரைச் சேர்க்கலாம், ஊழியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

கேள்வி: வீட்டையும் பராமரிப்பையும் ஒரே நிறுவனம் தருகிறது. இரண்டையும் ஒரே அமைப்புதான் ஆய்வு செய்யுமா?

பதில்: பல குடும்பங்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லம் என்றால், கட்டடம், கவனிப்பு இரண்டையும் பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷன் ஆய்வு செய்யும். ஆனால் முதியவர் தமக்கென வாடகை ஒப்பந்தத்துடன் தனி வீட்டில் குடியிருந்து, குளிக்கவும் உடுத்தவும் உதவி பெறுகிறார் என்றால், அந்த உதவி மட்டுமே கமிஷனின் வரம்புக்குள் வரும். வீடு குடியிருப்புச் சட்டங்களுக்கு உட்பட்டது. கூரை ஒழுகினால் ஓரிடத்திலும், மருந்து மாறினால் வேறோரிடத்திலும் முறையிட வேண்டியிருக்கும். எந்தப் புகாரை யாரிடம் அளிப்பது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போதிய ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துமா?

பதில்: சில நாடுகளில் உண்டு. ஆஸ்திரேலியாவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 2023 ஜூலை முதல் பகலும் இரவும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் பணியில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடக் கவனிப்பு என்பது இலக்கு. அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது. “போதிய அளவு ஊழியர்” என்று மட்டும் சொல்லும் விதியைவிட இது எவ்வளவோ மேல், ஏனெனில் எண்ணைச் சரிபார்க்க முடியும்.

கேள்வி: பாதுகாப்பைக் காரணம் காட்டி, அறைக்கதவை அப்பா உள்ளிருந்து பூட்டக்கூடாது என்கிறார்கள். இது முறையா?

பதில்: எல்லோருக்கும் பொதுவாக அப்படித் தடை போடுவது முறையல்ல என்பதே என் கருத்து. அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் நிதியில் நடக்கும் வீட்டுச்சூழல் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டு விதி, நிறுவனமே நடத்தும் குடியிருப்புகளிலும் குடியிருப்பவர் தம் கதவைப் பூட்டிக்கொள்ளலாம், உரிய ஊழியரிடம் மட்டுமே மாற்றுச்சாவி இருக்கலாம், அவர் விரும்பும் விருந்தினர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்கிறது. இவற்றைக் குறைக்க வேண்டுமானால், அந்த ஒருவருக்கு அது ஏன் தேவை என்பதை மதிப்பிட்டு, அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுத வேண்டும். அப்பாவின் திட்டத்தில் அத்தகைய குறிப்பு உள்ளதா என்று கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

பதில்: வெளியேற்றும் விதியை. உடல்நிலை எந்த அளவு மோசமானால், எத்தனை நாள் முன்னறிவிப்புடன் வெளியேறச் சொல்வார்கள், அந்த முடிவை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்பவற்றைப் பாருங்கள்.