வீட்டுச் சண்டையைத் திரைக்கதையாக்கும் மகன்

குமாரபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போகிறேன் என்கிறான், போதாததற்கு வீட்டில் நடப்பதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். முதல் கவலை நியாயம். இரண்டாவதற்காக நோட்டைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு இப்போதைக்கு அவனிடம் இருக்கும் மூலதனம் அது ஒன்றுதான்.

போட்டோ எடுத்து அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். (அவனுக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.) ஓரிடத்தில் “அப்பா கடனில் ரொம்பக் கஷ்டப்பட்டார்” என்று எழுதியிருக்கிறான். அது தகவல், கேமராவுக்கு அதில் வேலை இல்லை. அடுத்த பக்கத்தில் கரண்ட் போய்த் தறிகள் சட்டென்று நிற்கின்றன. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகிய வீட்டின் சண்டை தெருவுக்கே கேட்டுவிடுகிறது. இது காட்சி. விசைத்தறி வீட்டில் வளராதவனுக்கு இது தோன்றவே தோன்றாது. சனிக்கிழமைக் கூலி, நூல் பாக்கி, வேறு பட்டறைக்குப் போகிறவரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது என்று எதை எடுத்தாலும், ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் தரமாட்டார். திரைக்கதைக்கு அடிப்படையே அதுதான். போதைக் கடத்தல் கும்பல் கதை ஒன்றும் இருந்தது. பார்த்த படங்களிலிருந்து வந்தது அது, விட்டுவிடலாம்.

நடந்ததை நடந்தபடியே எழுதுவதும் போதாது. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூரில் போலீஸ் காவலில் தான் பட்டதை ‘லாக்கப்’ நாவலாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் 2015இல் ‘விசாரணை’ எடுத்தபோது, முற்பாதிக்குத்தான் நாவலை எடுத்துக்கொண்டார். பிற்பாதி அவர் சேர்த்தது. உங்கள் மகனும் அப்பாவின் கடனை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிப் பார்க்கட்டும். மூன்று வருஷக் கஷ்டத்தை ஒரு வாரத்துக்குள் அடக்கிப் பார்க்கட்டும். கதையும் இறுகும், சொந்தபந்தம் என்ன சொல்லுமோ என்ற உங்கள் பயமும் பாதி குறையும்.

மூன்றாவது பக்கத்தில் உங்கள் வீட்டைச் சேராத ஒருவர் விஷயம் இருக்கிறது. அங்கேதான் கவனம் வேண்டும். கொலை வழக்குகளில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதைப் பொதுவாக அனுமதி கேட்காமலே எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் வெளியிட்டால் அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். பெயரை மட்டும் மாற்றினால் ஊருக்குத் தெரியாமலா போகும்? சம்மதம் கேட்கட்டும், இல்லையென்றால் ஆள், இடம், தொழில் எல்லாவற்றையும் மாற்றட்டும்.

இனி வருமானம். தமிழ் சினிமாவில் பெரும்பாலும் இயக்குநரே எழுதுகிறார். எழுதுவதற்கென்று மாதச் சம்பள வேலை அரிது. உதவி இயக்குநராகச் சேர்ந்தாலும் ஆரம்பத்தில் வருவது அறை வாடகைக்கே இழுத்துக்கொள்ளும். ஆகவே பி.காம். முடிக்கட்டும், இதில் பேரம் வேண்டாம். பட்டம் இருந்தால் புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் இரண்டிலும் மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். தரமணி எம்.ஜி.ஆர். அரசு நிறுவனத்தில் இருப்பது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இன்னும் நான்கு வருஷம் வீடு தாங்குமா என்று யோசித்துவிட்டு, அறிவிப்பில் வயது வரம்பையும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அதுவரை சனிக்கிழமைகளில் கூலிக் கணக்கை அவனே எழுதிப் பணம் பட்டுவாடா செய்யட்டும். பி.காம். படிக்கிறவன்தானே. அப்பாவுக்கும் ஒத்தாசை, தறிக்காரர்கள் பேசுவதும் காதில் விழும்.