கபடியில் நடுவரை அடித்த மாணவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?

மேலூர்ப் பக்கம் ஒரு போட்டியில் பிளஸ் 2 பையன் நடுவரை அறைந்துவிட்டான், டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், படிப்பில் கை வைக்காதீர்கள். விளையாட்டில் வையுங்கள்.

கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் 2 நிமிடம் வெளியே, சிவப்பு வந்தால் அந்த ஆட்டமே கிடையாது. ஆனால் அது அன்றைக்கு மட்டும்தானே? கால்பந்தில் நடுவரை அடித்தால் ஃபிஃபா விதிப்படி குறைந்தது 15 ஆட்டம் தடை. அதுபோல இந்த சீசன் முழுக்க அவனை உட்கார வையுங்கள், பயிற்சிக்கு வரட்டும், சின்னப் பையன்கள் ஆடும்போது ஸ்கோர் எழுதட்டும், நடுவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

நானும் மதுரை சுற்றுவட்டாரத்தில் விசில் ஊதியவன்தான். ஒருமுறை போனஸ் பாயின்ட் தரவில்லை என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் விசில் கயிறு கழுத்தை அறுத்துவிட்டது; அவனுடைய கோச் "ஆட்டத்தை முடிங்க சார்" என்றாரே தவிர அவனை வெளியே கூப்பிடவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அப்புறம், நடுவர் போலீசுக்குப் போக நினைத்தால் தடுக்காதீர்கள். பையனுக்கு 18 நிரம்பவில்லை என்றால் விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.