கனடாவில விளையாடுற பிள்ளையளுக்குப் பூர்வகுடி நல்லிணக்கம் பற்றி ஒன்லைன் கோர்ஸ் குடுக்கினம், உதால பிள்ளையளுக்கு ஏதும் விளங்குமா?

கேள்வி கேட்டவர் தன்ர மகனுக்கு ஹொக்கி கிளப்பில இருந்து ஒரு லிங்க் வந்திருக்கு, செப்டம்பர் 30க்கு முதல் முடிச்சு சேர்ட்டிபிக்கேட் அனுப்பட்டாம், உது சும்மா கண்துடைப்போ எண்டு கேட்டிருக்கிறார். நான் ஸ்காபரோவில ஒரு சின்ன ஓட்டக் கிளப்பில ஆறு வருஷமா வொலண்டியர் கோச்சா நிக்கிறன், 11 வயசில இருந்து 15 வரைக்கும் பிள்ளையள், அரைவாசிக்கு மேல எங்கட தமிழ்ப் பிள்ளையள்தான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். விளங்கும், நல்லா விளங்கும், ஆனா லிங்கை அனுப்பிப்போட்டு பெரியாக்கள் நாங்கள் விலகி நிண்டமெண்டா ஒண்டும் விளங்காது.

முதல் வருஷம் நாங்களும் அப்பிடித்தான் செய்தனாங்கள். நாப்பது நிமிஷ மொடியூல் ஒண்டு, கடைசியில பத்துக் கேள்வி. பிறக்டிஸ் முடிஞ்சு காருக்கு நிக்கிற நேரத்தில 13 வயசுப் பிள்ளை ஒண்டு பெஞ்சில இருந்து போனில அதைச் செய்துகொண்டிருந்தவ, சத்தத்தை மூடிப்போட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட் எண்டு தட்டித் தட்டிப் போறா, மற்றக் கையில வாழைப்பழம். பதினொரு நிமிஷத்தில முடிஞ்சுது, பத்துக்கு ஒன்பது மார்க்ஸ், சேர்ட்டிபிக்கேட்டும் வந்திட்டுது. என்னம்மா இருந்தது அதில எண்டு கேட்டன். யோசிச்சுப்போட்டு "ஒறேஞ் ஷேர்ட், அங்கிள்" எண்டா. அந்த ஷேர்ட் ஆற்ற எண்டு கேட்டா தெரியேல்ல. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை, நாங்கள் குடுத்த விதம் அப்பிடி.

(அந்த ஷேர்ட் பிலிஸ் வெப்ஸ்டாட் எண்டவவின்ர. 1973இல, ஆறு வயசில, பிரிட்டிஷ் கொலம்பியாவில வில்லியம்ஸ் லேக் பக்கத்தில, பூர்வகுடிப் பிள்ளையளைக் குடும்பத்தில இருந்து பிரிச்சு வைச்சிருந்த ரெசிடென்ஷியல் ஸ்கூல் ஒண்டுக்குப் போன முதல் நாள், அம்மம்மா வாங்கிக் குடுத்த புதுச் செம்மஞ்சள் ஷேர்ட்டைக் கழட்டி எடுத்தவை, பேந்து திருப்பிக் குடுக்கேல்ல. 2013இல இருந்து செப்டம்பர் 30இல அதை நினைவுகூருகினம், 2021இல இருந்து அந்த நாள் மத்திய அரசாங்க விடுமுறை நாள்.)

இன்னொரு விஷயம், எங்கட ஆக்களுக்கு மட்டும் உரிய சிக்கல். "நல்லிணக்கம்" எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட பெற்றோருக்கு முகம் மாறும். ஏனெண்டா 2010இல கொழும்பில "கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும்" எண்டு ஒரு ஆணைக்குழு போட்டவை, அதுக்குப் பிறகு அந்தச் சொல் எங்கட காதில எப்பிடி விழுகுது எண்டு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு அப்பா என்னட்டை நேர கேட்டார், உதெல்லாம் ஆணைக்குழுக் கதைதானே தம்பி, பிள்ளையின்ர நேரத்தை ஏன் வீணாக்கிறீங்கள் எண்டு. அவற்ற கோவம் எனக்கு விளங்குது. ஆனா இஞ்ச 2008இல தொடங்கி 2015இல அறிக்கை குடுத்த ஆணைக்குழுவின்ர பேரில முதல் வாற சொல் "உண்மை", நல்லிணக்கம் அதுக்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கான ஆக்கள் வந்து தங்களுக்கு நடந்ததைத் தாங்களே சொன்னவை. ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல பூர்வகுடிப் பிள்ளையளைக் குடும்பத்தில இருந்து பிரிச்சு அந்த ரெசிடென்ஷியல் பள்ளிக்கூடங்களில வைச்சிருந்தவை, தங்கட பாஷை கதைச்சா அடி, 1990கள் வரைக்கும் அது நடந்தது. அறிக்கையில 94 பரிந்துரையள், அதில 87இல இருந்து 91 வரை விளையாட்டு பற்றினது. 87ஆவது என்னெண்டா பூர்வகுடி விளையாட்டு வீரர்களின்ர வரலாற்றை எல்லாருக்கும் சொல்லிக் குடுங்கோ எண்டு. கிளப்புகள் லிங்க் அனுப்புறதுக்குப் பின்னால இது இருக்கு. இதை அந்த அப்பாவுக்கும் சொன்னனான், அடுத்த கிழமை அவர் மகனோட கூடவே இருந்து பாத்தார்.

ரெண்டாம் வருஷம் நாங்கள் மொடியூலைத் திறக்க முதல் ஒரு ஓட்டக்காரனில இருந்து தொடங்கினனாங்கள். ரொம் லோங்போட். ஸ்காபரோவில மால்வேர்ன் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும், அங்க ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவரின்ர பேர்தான், ஆனா ஆர் அவர் எண்டு கேட்டா கனபேருக்குத் தெரியாது. ஒனண்டாகா எண்ட பூர்வகுடி இனத்தவர், பிரான்ட்ஃபோர்ட் பக்கத்தில கிராண்ட் ஆத்தங்கரையில இருக்கிற சிக்ஸ் நேஷன்ஸ் எண்ட பூர்வகுடி ஒதுக்கிடத்தில பிறந்தவர், இஞ்சயிருந்து காரில ஒண்டரை மணித்தியாலம். 1907இல பொஸ்டன் மரதனை 2 மணி 24 நிமிஷம் 24 செக்கனில ஓடி வெண்டவர், அப்ப தூரம் இப்பத்தையை விடக் கொஞ்சம் குறைவு, எண்டாலும் முந்தின சாதனையைக் கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷத்தால உடைச்சவர். முதலாம் உலகப்போரில பிரான்ஸில செய்தி காவி ஓடினவர். அதுக்குப் பிறகு ரொறன்ரோ நகரத்துக்குத் தெருக் கூட்டுற வேலை செய்து சீவிச்சவர்.

பிள்ளையளைப் பிடிச்சு இழுத்தது இந்த வெற்றியள் இல்லை, அவர் பயிற்சி எடுத்த விதம். ஒரு நாள் கடுமையா ஓடுவார், அடுத்த நாள் லேசா ஓடுவார், சில நாள் நீண்ட நடை மட்டும். பேப்பர்காரர் அதைப் பாத்து சோம்பேறி எண்டு எழுதினவை, இனத்தையும் சேத்து இழுத்து எழுதினவை. எங்கட பிள்ளையளின்ர பயிற்சி அட்டவணையைத் திறந்து பக்கத்தில வைச்சன். செவ்வாய் இன்டர்வல் எண்டு கடும் ஓட்டம், புதன் ஈஸி, வியாழன் ஹில்ஸ் எண்டு மேட்டு ஓட்டம், வெள்ளி ரெஸ்ட். ஒரு பெடியன் உடன "கோச், இது அவர் செய்ததுதானே, பிறகு ஏன் அவரைச் சோம்பேறி எண்டவை" எண்டு கேட்டான். நான் பதில் சொல்லேல்ல, நீங்களே சொல்லுங்கோ எண்டன். அரை மணித்தியாலம் கதைச்சவை. அப்பிடி எழுதின ஆக்களில ஒருத்தர் லூ மார்ஷ், அவற்ற பேரில கனடாவின்ர அந்த வருஷத்துச் சிறந்த விளையாட்டு வீரருக்கு ஒரு விருது இருந்தது, எத்தினையோ வருஷமா. 2022இலதான் அந்தப் பேரை எடுத்துப்போட்டு நோர்தர்ன் ஸ்டார் விருது எண்டு மாத்தினவை. இதைச் சொன்ன உடன பிள்ளையள் தாங்களா போனில தேடத் தொடங்கிட்டினம், நான் ஒண்டும் சொல்லேல்ல.

அதுக்குப் பிறகுதான் லோங்போட் படிச்ச இடத்துக்குப் போனனாங்கள், அதுவும் ஒன்லைன்ல. பிரான்ட்ஃபோர்டில இருந்த மோஹாக் இன்ஸ்டிடியூட் எண்ட ரெசிடென்ஷியல் ஸ்கூல். சாப்பாடு எந்த நேரமும் கஞ்சி மாதிரி ஒரு களி, அதால பிள்ளையள் அந்த இடத்துக்கு வைச்ச பேர் "மஷ் ஹோல்". 1970இல மூடினவை, இப்ப அந்த வளவில வுட்லண்ட் கலாசார நிலையம் இருக்கு, அவை அந்தக் கட்டிடத்தை வீட்டில இருந்தே பாக்கிற மாதிரி ஒரு வேர்ச்சுவல் சுற்றுலா செய்து வைச்சிருக்கினம், அங்க படிச்ச ஆக்களே கதைக்கினம். நாங்கள் ஆளுக்கொரு போனில பாக்கேல்ல, லைப்ரரியில ஒரு அறை எடுத்துப் பெரிய திரையில போட்டுப் பாத்தனாங்கள். அந்தக் கட்டிடத்தின்ர பின்பக்கச் செங்கல்லுகளில அங்க இருந்த பிள்ளையள் தங்கட பேரைக் கீறி வைச்சிருக்கினம், சிலதில பேருக்குப் பதிலா நம்பர். அந்தக் கல்லுகளின்ர படத்தைப் பெரிசாக்கி வைச்சிருக்கேக்க ஒரு பிள்ளை எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் ஒரு எழுத்தை விரலால தடவி வாசிச்சுது. லோங்போட் அங்க இருந்து ஓடினவர், பிடிச்சுக் கொண்டுவந்தவை, பேந்தும் ஓடினவர், மாமாவின்ர தோட்டத்தில ஒளிஞ்சு இருந்து அதோட தப்பினவர். எத்தினை வயசு எண்டு ஒரு பெடியன் கேட்டான். உன்ர வயசளவுதான், 12 எண்டன். அவன் அதுக்குப் பிறகு கனநேரம் கதைக்கேல்ல. அவனுக்கு ஓட்டம் எண்டா சந்தோஷம், தப்பிக்க ஓடின ஒருத்தன்தான் பிறகு உலகத்திலேயே வேகமா ஓடினவன் எண்டது அவனுக்கு எங்கயோ போய்க் குத்தியிருக்கு.

ஏன் அம்மா அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வரேல்ல எண்ட கேள்வி ஒவ்வொரு வருஷமும் வரும். சட்டம் எண்டு சொல்லோணும், 1920இல சட்டத்தையே மாத்திப் பிள்ளையளை அனுப்பாட்டித் தாய் தேப்பனைத் தண்டிக்கலாம் எண்டு வைச்சவை. இந்த ஒரு கேள்விக்குப் பெரியாள் ஒருத்தர் பக்கத்தில இருந்தே ஆகோணும், கோர்ஸ் இதுக்கு ஒரு வரிதான் வைச்சிருக்கும்.

பெரிய பிள்ளையளுக்கு, 14, 15 எண்டா, வனீக் ஹோர்ன்-மில்லரின்ர கதையைச் சொல்லுறனான். 1990இல மொன்றியலுக்குப் பக்கத்தில ஓகா எண்ட ஊரில ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பெரிசாக்க வெளிக்கிட்டினம், மோஹாக் எண்ட பூர்வகுடி மக்களின்ர புதைகாடு இருந்த பைன் மரக் காட்டுப் பக்கமா. 78 நாள் தடைபோட்டு நிண்டவை, ஆமி வந்தது. கடைசி நாள் 14 வயசு வனீக் தன்ர சின்னத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வெளிய வரேக்க ஒரு ஆமிக்காரன்ர துவக்குக் கத்தி நெஞ்சில குத்தினது. பத்து வருஷத்துக்குப் பிறகு சிட்னி ஒலிம்பிக்ல கனடாப் பெண்கள் வோட்டர் போலோ ரீமுக்கு அவ இணைத் தலைவி. ஒரு விளையாட்டு மைதானத்துக்காக இது நடந்தது எண்டதில எங்கட பிள்ளையள் ஒருக்கா நிண்டு யோசிக்கினம், தாங்கள் ஓடுற நிலம் ஆற்ற எண்டும் அங்கதான் கேக்கத் தொடங்கினவை. போட்டிக்கு முதல் மைக்கில நில அங்கீகாரம் (இது எந்தப் பூர்வகுடி மக்களின்ர நிலம் எண்டு சொல்லுற வாசகம்) வாசிக்கேக்க எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்கிறனாங்கள், ஆனா அதில வாற "ட்றீட்டி 13" என்ன எண்டு எனக்கே முதல் தெரியாது. அது ரொறன்ரோ நிலம் கைமாறின ஒப்பந்தம்: 1805இல ரெண்டரை லட்சம் ஏக்கரளவு நிலத்துக்கு மிசிசாகா எண்ட பூர்வகுடி மக்களுக்குக் குடுத்தது 10 ஷில்லிங். 2010இல கனடா அரசாங்கம் 145 மில்லியன் டொலர் குடுத்து அந்தக் கோரிக்கையைத் தீர்த்தது. கிழக்கு ஸ்காபரோப் பக்கம் வேற, அது 1923 வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் எண்டதில வரும். நாங்கள் கிறொஸ் கன்ட்ரி ஓடுற றூஜ் ஆத்துப் பக்கம் 17ஆம் நூற்றாண்டில செனக்கா எண்ட பூர்வகுடி மக்களின்ர ஊர் இருந்தது.

இதைச் சொல்லேக்க எங்கட தமிழ்ப் பெற்றோர் உடன சொல்லுறது, எங்களுக்கும் இப்பிடித்தானே நடந்தது, பாஷை, நிலம், எல்லாம். நானும் 90களில ஊரை விட்டு வந்த ஆள், அந்த நினைப்பு எனக்கும் வரும், அது பொய்யும் இல்லை. ஆனா அதோட கதையை முடிச்சிடாதேங்கோ எண்டு கெஞ்சிக் கேக்கிறன். எங்கட இழப்பு எங்களுக்கு அவையின்ர வலியை விளங்கிக்கொள்ள ஒரு வழி, ஆனா இஞ்ச நாங்கள் வீடு வாங்கி இருக்கிறது அவையின்ர நிலத்தில, பிள்ளைக்கு ரெண்டும் தெரியோணும்.

செய்முறையாக் கேட்டா, 11 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு அந்த ஷேர்ட்டின்ர கதையும் லோங்போட்டும் போதும், துஷ்பிரயோகம், அந்தப் பள்ளிக்கூடங்களில செத்த பிள்ளையளின்ர புதைகுழி பற்றின பகுதியளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லாமக் காட்டாதேங்கோ. நாப்பது நிமிஷத்தை ஒரே இருப்பில செய்ய வேண்டாம், பத்துப் பத்து நிமிஷமா நாலு நாள், ஒவ்வொண்டுக்கும் பிறகு ஒரு கேள்வி. நீங்கள் முதல் படிக்கோணும் எண்டா அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தின்ர இன்டிஜினஸ் கனடா கோர்ஸ் கோர்செரா எண்ட ஒன்லைன் தளத்தில பாக்கலாம், 12 பாடம், நான் இரவில பாத்திரம் கழுவிப்போட்டு இருந்து முடிச்சனான்.

ரீமில ஒரு பூர்வகுடிப் பிள்ளை இருந்தா அந்தப் பிள்ளையைப் பாத்து "நீ சொல்லு" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. எங்கட கிளப்பில ஒரு பிள்ளை வந்து, கோச், என்ர அம்மம்மா அந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தவ, எனக்கு இதை எல்லாரோடயும் இருந்து பாக்க ஏலாது எண்டு சொன்னவ. சரி அம்மா, நீ பாக்கத் தேவையில்லை எண்டன். மற்றவை லைப்ரரிக்குள்ள இருக்கேக்க நானும் அவவும் வெளிய பார்க்கைச் சுத்தி ரெண்டு சுத்து மெதுவா ஓடினனாங்கள், என்ர மனுசி உள்ள பிள்ளையளோட இருந்தவ.