நாவலுக்கு ஒரு விளையாட்டு, நாலு படம்: வாசகர் கேள்வி பதில்

சொந்தமாக வெளியிட்ட மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவலை விளையாட்டு வழியாகவும் ஓவியம் வழியாகவும் வாசகரிடம் கொண்டுசெல்வது எப்படி? இதையொட்டி வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் நாவலைக் கிண்டிலில் நானே வெளியிட்டிருக்கிறேன். அதே உலகத்தில் நடக்கிற ஒரு சின்ன விளையாட்டைச் செய்து இலவசமாகக் கொடுக்க ஆசை. நிரல் எழுதத் தெரியாது. எங்கே தொடங்குவது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: ட்வைனில் தொடங்குங்கள். கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. கதையைப் பெட்டி பெட்டியாக எழுத வேண்டும். போக வேண்டிய பெட்டியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் அதுவே வாசகர் தொடுகிற இணைப்பு ஆகிவிடும். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. உலாவியில் ஓடுவதால் தமிழ் எழுத்து உடையாது. தமிழில் எழுதுகிறவருக்கு இந்தக் கருவியை முதலில் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

முதல் முயற்சிக்கு 25 முதல் 30 பெட்டி, மொத்தம் 3,000 சொல் போதும். ஒருவர் ஒரு தடவை விளையாடும்போது அதில் பாதியைத்தான் பார்ப்பார். பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆரம்பத்தில் எல்லோரும் சிக்கிக்கொள்வது கிளைகளில். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி வைத்து, அவற்றை எங்கேயும் சேர்க்காமல் விட்டால் 5 திருப்பத்தில் 32 முடிவு எழுத வேண்டும், 10 திருப்பத்தில் 1,024. ஆற்றின் நடுவே திட்டு வந்தால் தண்ணீர் இருபுறமும் பிரிந்து போய் மறுபடி கூடுமே, அப்படிக் கூடவிடுங்கள். பிரிந்த வழியில் ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பதை மட்டும் ஒரு மாறியில் (ட்வைன் நினைவில் வைத்துக்கொள்ளும் குறிப்பு) குறித்துவையுங்கள். விளக்கை ஏற்றினாரா, காவலனிடம் பொய் சொன்னாரா என்பது போல மூன்று நான்கு மாறிகள் இருந்தால் போதும். பத்துப் பெட்டி தள்ளி அந்தப் பொய்யைக் காவலன் ஒரே வரியில் நினைவுபடுத்தினால், தான் செய்ததற்கு இங்கே மதிப்பு உண்டு என்று ஆட்டக்காரருக்குப் புரியும்.

நாவலின் முதல் அத்தியாயத்தையே விளையாட்டாக மாற்றாதீர்கள். விளையாடியவர் நாவலைத் திறந்தால் படித்ததையே திரும்பப் படிக்க நேரும். நாவலில் இரண்டே பக்கம் வந்து போகிற ஓர் ஆளை, அல்லது பெயர் மட்டும் வருகிற ஓர் ஊரை எடுத்து, கதை தொடங்குவதற்கு முந்தைய இரவில் நடப்பதாக எழுதுங்கள். விளையாட்டு தன்னளவில் முடிய வேண்டும். ஆனால் அதில் எழுகிற ஒரு கேள்விக்கு நாவலில்தான் விடை இருக்க வேண்டும்.

இப்படிப் புதிதாக எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாவலைக் கிண்டிலின் சொந்த வெளியீட்டுச் சேவையான கேடிபி-யின் செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால், அந்த 90 நாள் தவணையில் மின்வடிவம் வேறு எங்கும் கிடைக்கக் கூடாது. மாதிரிக்காக 10 சதவீதம் வரை மட்டுமே வெளியில் தரலாம். நாவலின் பத்திகளை விளையாட்டில் அள்ளிப் போட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

இனி வழக்கமாக நேரும் பிசகுகள். ட்வைனை இணையத்தில் திறந்து எழுதினால் எழுதியது உலாவிக்குள் மட்டுமே சேமிக்கப்படும். உலாவியின் தரவை அழித்த அன்றைக்குக் கதையும் போய்விடும். கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பை எடுங்கள். இல்லையென்றால் தினமும் காப்புக் கோப்பு இறக்கி வையுங்கள். விளையாட்டை ஏற்ற இட்ச் டாட் ஐஓ தளம் பொருத்தமானது. கோப்புக்கு 'இண்டெக்ஸ்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயர் வைத்து, படங்களோடு ஜிப் செய்யுங்கள். அந்தக் கோப்பு ஜிப்பின் மேல்தட்டிலேயே இருக்க வேண்டும். உள்ளே ஒரு ஃபோல்டருக்குள் போய்விட்டால் தளத்துக்கு அது தெரியாமல் போகலாம். 'என் விண்டோஸில் படம் வருகிறது, தளத்தில் வரவில்லை' என்றால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, தளம் பொருட்படுத்தும். படம் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் இருக்கட்டும். கைப்பேசிக்கு ஏற்றது என்ற கட்டத்தை 'டிக்' செய்துவிட்டு, விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒருமுறை முழுக்க விளையாடிப் பாருங்கள்.

கேள்வி: விஷுவல் நாவல் (படமும் வசனமுமாக நகரும் கதை விளையாட்டு) செய்கிறேன். 'கோட்டை' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி வருகிறது. ஓவியர் அனுப்பிய அட்டையில் தலைப்பும் அப்படியே. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: எழுத்துருமேல் குற்றம் இல்லை. யூனிகோடில் 'கோ' என்பது முதலில் க, பிறகு ஓகாரக் குறி என்ற வரிசையில் இருக்கும். திரையிலோ இரட்டைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருளுக்குள் இருக்கும் வடிவாக்கப் பொறி. அது இல்லாத மென்பொருளில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் உடையும். கோளாறைப் பார்வையிலேயே பிரித்துவிடலாம். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை. எழுத்து வந்து கொம்பு இடம் மாறினாலோ, புள்ளிவட்டம் தெரிந்தாலோ வடிவாக்கம் இல்லை.

விளையாட்டு செய்யும் மென்பொருள்களில், 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 தமிழைச் சரியாகக் கோக்கும். கோடோ 3 கோக்காது. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த வேலையைத் தானாகச் செய்வதில்லை. விஷுவல் நாவலுக்கான ரென்பையில் செய்கிறீர்கள் என்றால் புதிய பதிப்புக்கு மாறி, தமிழ் எழுத்துருக் கோப்பை விளையாட்டின் ஃபோல்டரிலேயே வைத்து அதன் பெயரைக் குறிப்பிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரான் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. விளையாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். விலைக்கு வாங்கிய எழுத்துருவைச் செயலிக்குள் பொதிக்கத் தனி உரிமம் தேவைப்படலாம். வாங்கிய உரிமத்தைப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை விஷயத்தில், ஓவியர் ஃபோட்டோஷாப் பயன்படுத்தினால் விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பகுதியில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்ற பெயரில் இருக்கும். இலவச ஓவிய மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பாமினி போன்ற பழைய குறியீட்டில் தலைப்பைத் தட்டிப் படமாக்குவது அட்டைக்குச் சரிதான். விளையாட்டின் உள்ளே வேண்டாம்: தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் 'கொ, கோ, கௌ, ணை, தூ, ஸ்ரீ, க்ஷ' என்று ஒரு வரி தட்டிப் பாருங்கள். இந்த வரி உடையாவிட்டால் நாவல் முழுக்கத் தாங்கும்.

கேள்வி: ஓர் ஓவியத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. அதை அட்டைக்கும் சுவரொட்டிக்கும் விளையாட்டுக்கும் பயன்படுத்த என்ன கேட்டு வாங்க வேண்டும்?
(வாசகர், கோவை)

பதில்: அளவையும் அடுக்கையும் வரையத் தொடங்குமுன் பேசிவிடுங்கள். கிண்டில் அட்டைக்கு 1,600-க்கு 2,560 பிக்சல் போதும். ஆனால் அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் 5.33 அங்குல அகலத்துக்கு மேல் வராது. ஏ3 சுவரொட்டிக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுவிளிம்போடு (அச்சிட்டபின் வெட்டி எறியும் ஓரம்) 3,579-க்கு 5,032 பிக்சல் வேண்டும். பெரியதைச் சுருக்கலாம், சிறியதைப் பெரிதாக்கினால் முகம் மசமசவென்று ஆகிவிடும்.

பின்னணி, பாத்திரம், முன்னே வரும் புகை அல்லது கிளை ஆகிய மூன்றையும் தனித்தனி அடுக்காக வைத்த மூலக்கோப்பைக் கேளுங்கள். பாத்திரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பின்னணியும் வரையப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி, இட்ச் தளத்தின் 630-க்கு 500 பிக்சல் படுக்கைச் சட்டத்துக்கும், 2-க்கு 6 அங்குலப் புக்மார்க்குக்கும் அதே ஓவியத்தைப் பொருத்த முடியும். தலைப்பு எழுத்தை ஓவியத்தோடு ஒட்டிவிடக் கூடாது.

மிகுபுனைவு அட்டைகளில் அச்சகத்தில் எப்போதும் அடிபடுவது மந்திர ஒளிதான். திரையில் மின்னும் நீலப்பச்சையும் ஊதாவும் ஒளியால் ஆனவை. நான்கு மைகளைக் கலந்து அந்தப் பிரகாசத்தைக் கொண்டுவர முடியாது. அச்சில் அது சாம்பல் பூத்த நீலமாக இறங்கும். ஓவியர் வரையும்போதே சிஎம்ஒய்கே (அந்த நான்கு மை) முன்னோட்டத்தைப் போட்டுப் பார்க்கட்டும். ஒளியைச் சுற்றியுள்ள இடத்தை இன்னும் இருட்டாக்கினால் மங்கிய நீலம்கூட எரிவது போலத் தெரியும். ஆயிரம் பிரதிக்குச் சொல்லுமுன், அதே தாளில், லேமினேஷனோடு ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி: ஓவியர் நண்பர்தான். பணமும் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் எல்லாம் தேவையா?
(வாசகி, சேலம்)

பதில்: தேவை. நட்பு கெடாமல் இருக்கவே தேவை. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், பணம் கொடுத்துத் தீட்டச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது தீட்டச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆவது பிரிவில் ஒரு விதி இருக்கிறது. கணினியில் செய்த படம், கதையில் வரும் நாட்டின் வரைபடம், சின்னம் எல்லாம் அதற்குள் அடங்குமா என்று வாதாட இடமிருப்பதால், அந்த விதியை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

எழுத்தில், உரிமையைக் கொடுப்பவர் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது என்பது 19-ஆவது பிரிவு. அதே பிரிவு இன்னும் சொல்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்குத்தான் உரிமை, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். விளையாட்டை இணையத்தில் ஏற்றினால் உலகம் முழுக்கப் போகும். ஆகவே 'உலகெங்கும்' என்ற சொல்லும், எத்தனை ஆண்டு என்பதும் தாளில் இருந்தே ஆக வேண்டும். கிடைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் உண்டு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில். விளையாட்டை இரண்டு வருடம் கழித்துச் செய்யப் போகிறவர்கள் இந்த வரியைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஒரே பக்கம் போதும். எந்தப் படம், எதற்கெல்லாம் (மின்னூல், அச்சு, விளையாட்டு, விளம்பரம், விற்பனைப் பொருள்), எத்தனை ஆண்டு, எங்கெங்கே, எவ்வளவு தொகை, எத்தனை முறை திருத்தம், ஓவியர் அதைத் தன் படைப்புத் தொகுப்பில் காட்டலாமா என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உரிமை கைமாறினாலும், படைத்தவர் தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி ஓவியரிடமே இருக்கும். அட்டையின் உட்பக்கத்திலும் விளையாட்டின் முதல் திரையிலும் அவர் பெயரைப் போடுவது உங்கள் கடமை. செயற்கை நுண்ணறிவால் செய்த படம் என்றால் கேடிபி-யும் விளையாட்டு விற்கும் தளமான ஸ்டீமும் அதைத் தெரிவிக்கச் சொல்கின்றன, மறைக்காதீர்கள்.

கேள்வி: புத்தகக் காட்சியில் நண்பர்களோடு ஒரு மேசை போடுகிறோம். பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டை அங்கே நடத்த முடியுமா?
(வாசகர், சென்னை)

பதில்: முடியும், பத்து நிமிடத்தில் முடிவதாக இருந்தால். சென்னைப் புத்தகக் காட்சியின் நெரிசலில் அதற்கு மேல் யாரையும் நிறுத்திவைக்க முடியாது. ஒரு காட்சி, ஒரு தடை, ஒரு முடிவு. மூன்று பாத்திர அட்டைகள் தயாராக இருக்கட்டும். பெயர், படம், இரண்டு திறமை, அதற்கு மேல் வேண்டாம்.

20 முகப் பகடையில் வெற்றிக்கு 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்தால் வாய்ப்பு 30 சதவீதம்தான். புதிதாக வந்தவர் மூன்று முறை உருட்டி மூன்றிலும் தோற்றால் எழுந்து போய்விடுவார். 8 என்று வையுங்கள், 65 சதவீதம். தோற்றாலும் கதை நின்றுவிடக் கூடாது: பூட்டு திறக்கவில்லை என்று சொல்லாமல், திறந்தது, ஆனால் சத்தம் கேட்டு நாய் விழித்துக்கொண்டது என்று சொல்லுங்கள்.

காமிக் கான் போன்ற ரசிகர் விழாவில் அல்லது வீட்டில் விளையாட, மூன்று மணி நேர முழு ஆட்டம் ஒன்றை 8 முதல் 12 பக்கப் பிடிஎஃப் ஆகக் கொடுக்கலாம். அதற்குப் புதிய விதிகளை யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் யாரும் எடுத்தாளக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதில் கொடுத்திருக்கும் நன்றிக்குறிப்பு வாசகத்தை அப்படியே அச்சிட்டால், விலை வைத்தும் விற்கலாம். அந்த ஆவணத்தில் இல்லாத அரக்கர்களையும் இடங்களையும் தொடாதீர்கள். உங்கள் உலகத்தில் உங்கள் அரக்கர்கள் போதும். எழுதி முடித்ததும் நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலிருந்து வாய் திறக்கக் கூடாது. அவர் தாளைப் புரட்டித் தேடுகிற இடமெல்லாம் மறுபடி எழுத வேண்டிய இடம்.

கேள்வி: ஸ்டீமில் போடலாமா? இதனால் நாவல் விற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பத்து நிமிட இலவச விளையாட்டுக்கு ஸ்டீம் வேண்டாம். ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். அது 1,000 டாலர் வருமானம் வந்த பிறகுதான் திரும்பும். இட்சில் ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை.

அளப்பதற்கு இட்ச் பக்கத்தில் இரண்டு எண்ணை மட்டும் பாருங்கள். எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் விளையாடினார்கள். பார்த்தவர் நிறைய, விளையாடியவர் குறைவு என்றால் அட்டைப்படத்தையோ முதல் இரண்டு வரியையோ மாற்றுங்கள். விளையாட்டின் கடைசித் திரையில் நாவலுக்கு ஓர் இணைப்பு, மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு சிறுகதை இலவசம் என்று இன்னோர் இணைப்பு, அவ்வளவுதான். புக்மார்க், சுவரொட்டி, விளையாட்டு மூன்றுக்கும் தனித்தனிச் சுருக்க இணைப்பு செய்துகொண்டால் வாசகர் எந்த வழியாக வந்தார் என்பது தெரிந்துவிடும். க்யூஆர் குறி புக்மார்க்கில் குறைந்தது 2 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டியில் 20 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுங்கள். ஓவியத்தின் மேலேயே குறியைப் பதித்துவிட்டு, ஸ்கேன் ஆகவில்லை என்று காட்சி நடக்கும் நாளில் தெரிந்துகொள்வதைவிட, ப்ரூஃப் தாளிலேயே மூன்று கைப்பேசியில் சோதித்துவிடுங்கள்.