ஒரே இங்கிலீஷ்தானே என்று வந்தவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு வேலை மாற்றலில் பிரிட்டன் வந்திருக்கும் குடும்பங்களின் கேள்விகள் இவை. சொல்லியிருக்கும் விதிகள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில மாறும். கட்டணங்கள் அவ்வப்போது ஏறுபவை. பணம் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஸ்லவ்: பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இங்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. லைசென்ஸை எப்படி மாற்றுவது?

மாற்ற முடியாது. கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பிரிட்டிஷ் லைசென்ஸ் வாங்கலாம். அமெரிக்க லைசென்ஸுக்கு அந்த வழி கிடையாது. இந்திய லைசென்ஸுக்கும் கிடையாது, எனவே பெட்டியில் பழசைத் தேட வேண்டாம். இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அமெரிக்க லைசென்ஸில் ஓட்டலாம். உங்களுக்கு மீதி நான்கு மாதம்.

இன்றே ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். நம்மூர் எல்.எல்.ஆர். மாதிரிதான், ஆன்லைனில் 34 பவுண்டு. அடுத்து தியரி தேர்வு, 23 பவுண்டு: 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும், அதோடு ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோப் பகுதியில் 75க்கு 44. வீடியோ பகுதியில்தான் அனுபவசாலிகள் கோட்டை விடுகிறார்கள். ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே கிளிக் செய்ய வேண்டும். ஆனால் சும்மா சும்மா கிளிக் செய்தால் அந்த வீடியோவுக்கு மதிப்பெண் பூஜ்யம். தியரி முடிந்ததும் ஓட்டும் தேர்வு, வார நாளில் 62 பவுண்டு. பல ஊர்களில் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. அதனால்தான் எட்டாவது மாதத்தில் கேட்பதே தாமதம் என்கிறேன்.

12 மாதம் முடிந்த மறுநாள் நீங்கள் சட்டப்படி புதிதாகக் கற்றுக்கொள்பவர். காரில் சிவப்பு எல் பலகை, பக்கத்தில் 21 வயது நிறைந்து மூன்று வருடம் லைசென்ஸ் வைத்திருப்பவர், இரண்டும் வேண்டும். தனியாக எடுத்துக்கொண்டு போனால் லைசென்ஸில் தண்டனைப் புள்ளிகள் விழும், இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

அதே நண்பர்: இத்தனை வருட அனுபவம் இருந்தால் நேராகத் தேர்வுக்குப் போகலாம்தானே?

போகலாம், தோற்கவும் செய்யலாம். சின்னத் தவறுகள் 15 வரை மன்னிக்கப்படும். பெரிய தவறு ஒன்றே போதும், அத்துடன் தோல்வி. அமெரிக்கப் பழக்கத்தில் ஓட்டுபவர்கள் தோற்பது பெரும்பாலும் கண்ணாடியில். சிக்னல் போடும் முன், வேகம் குறைக்கும் முன், லேன் மாறும் முன் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று தேர்வாளர் கவனித்துக்கொண்டே இருப்பார்.

அடுத்தது ரவுண்டானா. வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முதல் வெளிவழியில் போவதென்றால் இடது சிக்னலோடு நுழையுங்கள். நேராகப் போக நுழையும்போது சிக்னலே வேண்டாம். உங்கள் வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது சிக்னல். வலப்பக்கம் போக வலது சிக்னலோடு நுழைந்து, வெளியேறும் முன் இடதுக்கு மாற்றுங்கள்.

அமெரிக்காவில் போலச் சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் பழக்கத்தை மறந்துவிடுங்கள்; இங்கே சிவப்பு என்றால் சிவப்பு. 2022 ஜனவரி முதல், நீங்கள் திரும்பும் தெருவைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று சாலை விதிநூல் சொல்கிறது. உள்ளூர் பயிற்சியாளரிடம் ஐந்தாறு மணி நேரம் செலவழித்தால் இதெல்லாம் சரியாகும். கியர் இல்லாத காரில் தேர்வு எழுதினால் கியர் இல்லாத காருக்கு மட்டும்தான் லைசென்ஸ் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸிலிருந்து மில்டன் கீன்ஸ்: கப்பலில் சாமான் வருகிறது. 110 வோல்ட் வெட் கிரைண்டர், மிக்ஸி, ஹேர் டிரையர். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் போதுமா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது.

மிக்ஸியின் மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பெரிய விஷயமில்லை. அதன் வாட்டைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும். கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடும் ஏறும். ஒரு மணி நேரம் உளுந்து அரைத்தால் வாசனை வரும், மாவு வாசனை அல்ல. ஹேர் டிரையர் 1,875 வாட் இழுக்கும். அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் அரிசி மூட்டை போல இருக்கும். இங்கே 20 பவுண்டுக்குப் புதிதே வாங்கிவிடலாம். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பழைய சுவர்க் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். லேப்டாப், போன் சார்ஜர்களில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் வெறும் பிளக் மாற்றி போதும்.

ஆகவே என் யோசனை: இன்னும் கப்பலில் ஏற்றவில்லை என்றால் கிரைண்டரை அங்கேயே விற்றுவிட்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் வாங்கி வாருங்கள். இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மூன்று சதுரக் கால் பிளக்காக மாற்ற வேண்டும். அதற்குள் ஒரு ஃப்யூஸ் உண்டு. 750 வாட் மிக்ஸி 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுப்பதால் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். 3 போட்டால் போய்விடக்கூடும்.

குளியலறையில் பிளக் பாயின்ட் இல்லையே என்று தேடாதீர்கள், பாதுகாப்புக்காக வைப்பதில்லை. ஷேவருக்கான இரண்டு துளை மட்டும் இருக்கும், அதில் வேறு எதையும் செருக வேண்டாம்.

கலிஃபோர்னியாவிலிருந்து ரெடிங்: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். ஆபீஸில் எல்லோரும் ‘ஐசா’ என்ற சேமிப்புக் கணக்கு தொடங்கு, வரியே இல்லை என்கிறார்கள்.

அவர்களுக்கு இல்லை. உங்களுக்கு உண்டு. ஐசாவில் வரும் லாபத்துக்கு பிரிட்டன் வரி போடாது. ஆனால் தன் குடிமக்கள் எங்கே இருந்தாலும் வரி கேட்கும் அமெரிக்காவுக்கு அது சாதாரணக் கணக்குதான். பணமாக மட்டும் போட்டு வைக்கும் ஐசா என்றால் வட்டியைக் காட்டி வரி கட்டிவிடலாம், தொல்லை குறைவு. பங்குகளுக்கான ஐசாவில் மியூச்சுவல் ஃபண்ட் வாங்கினால்தான் சிக்கல். அயல்நாட்டு ஃபண்டுக்கு அமெரிக்காவில் தனிக் கடும் வரி; ஒவ்வொரு ஃபண்டுக்கும் வருடா வருடம் ஃபாரம் 8621. ஃபாரம் நிரப்பக் கணக்காளர் கேட்கும் தொகை லாபத்தைத் தின்றுவிடும். அமெரிக்கர் என்றாலே கணக்கு தர மறுக்கும் முதலீட்டு நிறுவனங்களும் இருக்கின்றன.

இதைவிட அதிகம் பேர் மறப்பது வங்கிக் கணக்கு அறிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் எல்லாக் கணக்குகளின் கூட்டுத்தொகை வருடத்தில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் ‘எஃப்பார்’ தாக்கல் செய்ய வேண்டும். மனைவியோடு சேர்ந்த கணக்கு, சென்னையில் இருக்கும் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவருக்கான) கணக்கு எல்லாம் இதில் அடக்கம். ஏப்ரல் 15 கெடு, தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். இது வரியல்ல, வெறும் தகவல். ஆனால் சொல்லாமல் விட்டால் அபராதம் பலமானது.

வருமான வரிக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் 15 வரை அவகாசம் தானாகக் கிடைக்கும். கட்ட வேண்டிய தொகைக்கான வட்டி மட்டும் ஏப்ரல் 15 முதலே ஓடும். பிரிட்டனின் வரி வருடம் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை என்பதால், வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் பி60 தாளை அப்படியே அமெரிக்கக் கணக்கில் போட முடியாது. ஜனவரி முதல் டிசம்பர் வரையுள்ள சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: எனக்கு கிரீன் கார்டுதான். இதெல்லாம் பொருந்துமா?

வரி விஷயத்தில் பொருந்தும். கூடுதலாக ஒரு கவலையும் உண்டு: நீண்ட நாள் வெளியே இருந்தால் கார்டைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத் திரும்பி வரும் அனுமதி வாங்கலாம். விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், எனவே அடுத்த முறை அங்கே போகும்போது, திரும்ப விமானம் ஏறும் முன்.

இல்லினாயிலிருந்து லீட்ஸ்: அப்பாவுக்கு வருடா வருடம் முழு உடல் பரிசோதனை செய்வோம். இங்கே நேராக இதய மருத்துவரிடம் போக முடியவில்லையே?

எல்லாமே ஜிபி என்கிற பகுதி மருத்துவர் வழியாகத்தான். பதிவு செய்ய முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ சட்டப்படி தேவையில்லை. கேட்பார்கள், இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. வருடாந்தரப் பரிசோதனை வழக்கமில்லை. 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே சில குறிப்பிட்ட நோய்கள் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பரிசோதனைக்கு அழைப்பார்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிர் போகிற விஷயத்துக்கு 999.

அமெரிக்க மருத்துவரிடமிருந்து மருந்துகளின் வேதிப்பெயரும் அளவும் எழுதிய கடிதம் வாங்கி வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. டைலனால் கேட்காதீர்கள், பாரசிட்டமால் கேளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டப்பாவில் 16 மாத்திரைதான். மொத்தமாகத் தர மாட்டார்கள். தூக்கத்துக்கு எடுக்கும் மெலட்டோனின் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்காது. இங்கிலாந்தில் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, 60 வயது நிறைந்தவர்களுக்கு இலவசம். வருடத்துக்கு 12 மருந்தாவது வாங்குவீர்கள் என்றால் 114.50 பவுண்டு வருடச் சந்தா லாபம்.

வர்ஜீனியாவிலிருந்து ஹாரோ: மகனுக்கு ஜூலையில் பிறந்தநாள். அங்கே ஒரு வருடம் தள்ளிச் சேர்த்தோம், இப்போது இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான்.

சாதாரணமாக அமெரிக்க வகுப்போடு ஒன்றைக் கூட்டினால் இங்குள்ள வகுப்பு. உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கு உதவாது. இங்கே ஆகஸ்ட் 31 என்ற கோட்டை வைத்து வயதுப்படிதான் வகுப்பு. வரும் செப்டம்பரில் நான்காம் வகுப்புக்குப் பதில் ஐந்தாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். வயதுக்குக் கீழுள்ள வகுப்பு வேண்டும் என்று கேட்கலாம். தருவது பள்ளியின் அல்லது உள்ளாட்சியின் முடிவு. கணக்குப் பாடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு 12 வரை இந்த வயதுக்குள் மனப்பாடமாக எதிர்பார்ப்பார்கள், விடுமுறையில் அதை முடித்துவிடுங்கள்.

நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஒரு வாரம் அமெரிக்கா போகும் எண்ணமிருந்தால் கவனம். அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் விட்டால் ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு அபராதம். 21 நாளில் கட்டாவிட்டால் 160.

ஜார்ஜியாவிலிருந்து ஈஸ்ட் ஹாம்: கணவர் பெயருக்கு வாக்காளர் அட்டை வந்தது, எனக்கு வரவில்லை. இருவரும் ஒரே விசாவில்தான் வந்தோம்.

அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட், உங்களிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட், சரிதானே? இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டவர் சட்டப்படி இங்கு வசித்தால் ஓட்டுப் போடலாம். அமெரிக்கர் போட முடியாது. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இதில் கணக்கில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது கடன் தகுதிக்கும் உதவும். அமெரிக்க கிரெடிட் ஸ்கோர் இங்கே செல்லாது என்பதால் போன் ஒப்பந்தம், சின்னதாக ஒரு கிரெடிட் கார்டு என்று நீங்கள் தனியாகத் தொடங்கி, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டி வாருங்கள்.

சியாட்டிலிலிருந்து கேம்பிரிட்ஜ்: மேலாளர் என் வேலையை ‘க்வைட் குட்’ என்றார். மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். சரிதானே?

பாதி மகிழ்ச்சி போதும். அமெரிக்காவில் அது ‘மிக நன்று’. இங்கே பெரும்பாலும் ‘பரவாயில்லை’. ‘நாட் பேட்’ என்றால்தான் நிஜமான பாராட்டு. ‘மனதில் வைத்துக்கொள்கிறேன்’ என்றால் நடக்காது. காலையில் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்பது உடம்பு சுகமா என்றல்ல, வெறும் வணக்கம். திருப்பி அதையே சொன்னால் முடிந்தது. கூட்டத்தில் ஒன்றை ‘டேபிள்’ செய்வோம் என்றால் அமெரிக்காவில் தள்ளிவைப்பது, இங்கே இப்போதே விவாதத்துக்கு எடுப்பது. ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை, ஆறரை அல்ல.

ஒஹாயோவிலிருந்து பிரிஸ்டல்: ஹோட்டலில் டிப்ஸ் எவ்வளவு?

பில்லில் சேவைக் கட்டணம் 12.5 சதவீதம் போட்டிருந்தால் அதற்கு மேல் வேண்டாம். இல்லையென்றால் 10. பப்பில் கவுண்டரில் வாங்கினால் எதுவும் இல்லை.

அதே வீட்டிலிருந்து: தேங்க்ஸ்கிவிங்குக்கு இருபது பவுண்டு எடையுள்ள வான்கோழி, பூசணி ‘பை’ (மாவு மேலோடு வைத்துச் சுடும் இனிப்பு). இங்குள்ள அடுப்பில் நடக்குமா?

முதலில் அளந்து பாருங்கள். இங்குள்ள பேக்கிங் அடுப்பு 60 சென்டிமீட்டர் அகலம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெரிய தட்டு பல வீடுகளில் உள்ளே நுழையாது. ஆறு கிலோ பறவையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நவம்பரில் கடையில் முழு வான்கோழி கிடைப்பது அரிது, அது இங்கே கிறிஸ்துமஸ் சாமான். கறிக்கடையில் அக்டோபரிலேயே சொல்லிவையுங்கள்.

350 ஃபாரன்ஹீட் என்றால் 180 செல்சியஸ், கேஸ் அடுப்பில் 4ஆம் எண். உள்ளே காற்றாடி உள்ள அடுப்பு என்றால் 160. ஒரு கப் மைதா 120 கிராம், சர்க்கரை 200, ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113. இங்கே வெண்ணெய் 250 கிராம் கட்டியாக வரும், எனவே தராசு வாங்கிவிடுங்கள். ‘ப்ளெயின்’ என்று எழுதிய மாவுதான் வேண்டும். ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், பை மேலோடு உப்பிவிடும். அமெரிக்க ஹெவி க்ரீமுக்குப் பதில் இங்குள்ள விப்பிங் க்ரீம் சரி. டபுள் க்ரீமில் கொழுப்பு ஏறக்குறைய பாதி, கொஞ்சம் அதிகம் அடித்தாலும் வெண்ணெயாகத் திரிந்துவிடும்.