வீக்கம் வடிந்தும் பார்வை தெளியவில்லையே, டாக்டர்?

கேள்வி: வயது 56. சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. தையல் வேலை செய்கிறேன். வலது கண்ணில் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, வீங்கியிருக்கிறது என்று மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். ஸ்கேனில் 480 என்று இருந்தது இப்போது 310 ஆகிவிட்டது, நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். ஆனால் என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. துணியில் சாக்பீஸால் போட்ட நேர்கோடு நடுவில் வளைந்து தெரிகிறது. போட்டும் பயனில்லாத ஊசியை நிறுத்திவிடலாமா? தைப்பதையும் விட்டுவிட வேண்டுமா?
- ஒரு வாசகி

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். மூன்றாவது ஊசியோடு நின்றுவிட்டு, ஏழெட்டு மாதம் கழித்துப் பழையபடி வீங்கிய கண்ணோடு திரும்பி வந்தவர்கள் என்னிடம் பலர் உண்டு. அந்த ஸ்கேனைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

அந்த 480, 310 எல்லாம் விழித்திரையின் மையப் பகுதி எவ்வளவு தடிமன் என்பதற்கான மைக்ரான் கணக்கு. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வீங்கியிருந்த இடம் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கிறது. உண்மையிலேயே நல்ல செய்திதான். ஆனால் ஸ்கேன் அளப்பது தடிமனை. பார்ப்பது அங்கே இருக்கும் செல்கள்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். துணியில் இழை விலகியிருப்பது வேறு, இழை அறுந்திருப்பது வேறு. சர்க்கரையால் பலவீனமான நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, அந்த நீர் விழித்திரையின் அடுக்குகளுக்கு நடுவே தேங்கி, செல்களை விலக்கிவிடுகிறது. கோடு வளைந்து தெரிவது அதனால்தான். நீர் வடிந்தபின் விலகியவை மெல்ல ஒழுங்குக்கு வரும். அதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். என் அனுபவத்தில் எழுத்து தெளிவது முன்னால், வளைவு நேராவது பின்னால். அறுந்த இழைக்கு, அதாவது செத்துப்போன செல்லுக்கு, இன்று மருந்து இல்லை. இதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் நல்லதாகாது.

உங்களுக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த முறை போகும்போது ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அதற்கு அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். ஒளியை வாங்கும் செல்களின் வரிசை அது. “இந்தக் கோடு அறுபடாமல் இருக்கிறதா?” என்று கேளுங்கள். முழுசாக இருந்தால் நம்பிக்கை அதிகம். அங்கங்கே விட்டுப்போயிருந்தாலும், வீக்கம் வடிந்தபின் சிலருக்கு அது மறுபடி சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மையத்தில் ரத்தக்குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் கேட்டுவிடுங்கள். அடைப்பு பெரிதாக இருந்தால் நீர் முழுக்க வற்றினாலும் பார்வை ஓரளவுக்குத்தான் வரும்.

சரி, ஊசி ஏன் தொடர வேண்டும்? அந்த மருந்து குழாயின் ஓட்டையை அடைப்பதில்லை. கசிவைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் மருந்து கரைந்துவிடும், புரதம் சுரந்துகொண்டே இருக்கும். அஃப்ளிபெர்செப்ட், ரனிபிசுமாப், பெவாசிசுமாப் என்ற மூன்று ஊசி மருந்துகளையும் ஒப்பிட்டு 2015-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு வெளியானது. அதில் முதல் வருடம் பெரும்பாலும் 9, 10 ஊசி போட வேண்டியிருந்தது. இரண்டாம் வருடம் 5, 6 ஆகக் குறைந்தது. ஒரு வருட முடிவில் சராசரியாக 10 முதல் 13 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். பார்வை அட்டையில் சுமார் இரண்டு, இரண்டரை வரி. நீங்கள் போட்டுக்கொண்டது மூன்றுதான் அம்மா. ஊசி போதவில்லை என்றால் ஸ்டீராய்டு, லேசர் என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

வாரம் ஒரு முறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மட்டும் கதவு நிலையின் விளிம்பைப் பாருங்கள். அதே இடம், அதே வெளிச்சம். வளைவு கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். தினமும் பத்து முறை சோதித்துப் பார்த்தால் கவலைதான் மிஞ்சும். ஊசி போட்ட நாளில் கறுப்புக் குமிழ் மிதப்பதும், வெள்ளை விழியில் ரத்தத் திட்டு தெரிவதும் தானே போய்விடும். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை சட்டென்று மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் மாத்திரை எடுத்தால் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; சிலருக்கு அது வீக்கத்தைக் கூட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். புதுக் கண்ணாடியை வீக்கம் ஒரு நிலைக்கு வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

தையலை ஏன் விட வேண்டும்? கண்ணுக்கு வேலை கொடுப்பதால் வீக்கம் அதிகமாகிவிடாது. இப்போதைக்குப் பெரிய காதுள்ள ஊசியாக எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், நூல் நிறத்துக்கு மாறான நிறத்தில் ஒரு காகிதத்தைப் பின்னால் பிடித்துக் கோத்துப் பாருங்கள்.